நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பொறிவண்டு வரையச் சொல்லித்தருவது எப்படி?

வாரக்கடைசி வகுப்பு:

நான் ஓவியம் படித்தவள் இல்லை. தெரிந்தவர்களின் குழந்தைகள் எட்டுப் பேரை வாரக்கடைசியில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து வரைய விடுகிறேன். மூத்தவளுக்கு ஆறு வயது நிறையப் போகிறது. இளையவனுக்கு இப்போதுதான் நான்கு முடிந்தது.

கடந்த வகுப்பில் பொறிவண்டை எடுத்துக்கொண்டேன். பலகையில் நான் ஒரு படி வரைவேன், அவர்கள் தங்கள் தாளில் அதையே வரைவார்கள், பிறகு அடுத்த படி. முதலில் அரைவட்டம், அதன் அடியில் நேர்கோடு, முன்னால் சின்னத் தலை, மேலே புள்ளிகள், கீழே கால்கள். முடிந்ததும் தாள்களைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். ஆறு தாள்களில் என் வண்டேதான் கோணல்மாணலாக உட்கார்ந்திருந்தது. புள்ளிகள்கூட நான் வைத்த இடத்தில்தான். ஏழாவது தாளில் பதினொரு கால்கள். அதைப் பார்த்த பக்கத்துச் சிறுமி "தப்பு, தப்பு" என்று கத்த, பெரிய சண்டையாகிவிட்டது. எட்டாவது தாள் வெறுமையாக இருந்தது. இளையவன் "எனக்கு வராது" என்று அழுதுகொண்டே என் கையைப் பிடித்துத் தன் தாளின் மேல் வைத்து, "நீங்களே போடுங்கள்" என்றான்.

பலகையில் வரைந்து காட்டுவதை விட்டுவிட வேண்டுமா? விட்டுவிட்டால் இவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு தொடங்குவார்கள்? பதினொரு காலைத் திருத்தலாமா, கூடாதா? அழுகிறவன் கேட்டபடி வரைந்து கொடுப்பதில் தவறு உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


நேர்கோடு:

படிப்படியாக வரைந்து காட்டுவதில் என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. எழுதவும் அப்படித்தானே கற்றுக்கொள்கிறார்கள்? முதலில் பார்த்துப் போடட்டும், கை பழகிய பிறகு சொந்தமாக வரையட்டும். ஆறு குழந்தைகள் உங்கள் வண்டை அப்படியே வரைந்தார்கள் என்றால் நீங்கள் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள் என்றுதான் பொருள். கடைசிப் பையனுக்கு மட்டும் புள்ளிக்கோட்டில் ஒரு வண்டு போட்டுக் கொடுத்து, அதன்மேல் இழுக்கச் சொல்லுங்கள். அழுகை நின்றுவிடும்.


மெழுகுக்கறை:

மழலையர் வகுப்பில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். நகக்கண்ணில் ஏறிய கிரேயான் கறை போகாமலே பணிக்காலம் முடிந்துவிட்டது, பெயரைப் பார்த்தாலே தெரியும்.

நேர்கோடு சொல்வதில் எழுத்தைப் பற்றிய பாதியை ஒப்புக்கொள்கிறேன். 'அ' என்ற எழுத்தை எல்லோரும் ஒரே மாதிரி எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவரால் படிக்க முடியாது. வண்டுக்கு அந்தக் கட்டாயம் ஏதும் கிடையாது. புள்ளிக்கோட்டின்மேல் இழுக்கிற குழந்தை புள்ளிக்கோட்டைத்தான் பார்க்கிறது, வண்டைப் பார்ப்பதில்லை.

ஆனால் முதலில் வடிவத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் வகுப்பில் சிக்கல் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. அரைவட்டமும் அடியில் நேர்கோடும் பெரியவர்களுக்குத்தான் சுலபம். நான்கு வயதுக் கை வளைவை ஓரிடத்தில் நிறுத்தி, முனையில் திரும்பி, நேராக ஓடி, தொடங்கிய இடத்தில் போய்ச் சரியாக முட்ட வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று வயதையொட்டி வட்டம் மூட வருகிறது. நான்கையொட்டிக் கூட்டல் குறி. சதுரம் அதற்கும் பிறகு, முக்கோணம் ஐந்து வயதை ஒட்டி. சாய்சதுரம் ஆறு, ஏழு வயதுவரை பலருக்கும் வராது. முனை உள்ள வடிவம் எதுவானாலும் தாமதமாகத்தான் வரும். ஆகவே பக்கவாட்டு வண்டை மறந்துவிடுங்கள். மேலிருந்து பார்த்த வண்டு வேண்டும்: ஒரு பெரிய வட்டம், நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, மேல்முனையில் சின்னதாக ஒரு மேடு, சுற்றிலும் வெளியே நீளும் கோடுகள். இவை எல்லாமே அவர்கள் கைக்கு ஏற்கெனவே பழக்கமானவை. லட்சக்கணக்கான குழந்தைக் கிறுக்கல்களைச் சேகரித்து ஆராய்ந்த ரோடா கெல்லாக், மூன்று நான்கு வயதில் வட்டத்தைச் சுற்றிக் கோடுகள் இழுக்கும் 'சூரிய' வடிவம் தானாகவே தோன்றுகிறது என்று காட்டியிருக்கிறார். அந்தச் சூரியனின் முதுகில் ஒரு கோடும் சில புள்ளிகளும் வைத்தால் வண்டாகிவிடும். ஒருவரும் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

வரைந்து காட்டலாமா என்றால், கையின் அசைவைக் காட்டுங்கள், படத்தைக் காட்டாதீர்கள். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லிக் காற்றில் பெரிய வட்டம் போடச் சொல்லுங்கள். மணிக்கட்டால் இல்லை, தோளிலிருந்து. சிரிப்பும் இடிபடலும் இருக்கும், இருக்கட்டும். பிறகு தாளின் நடுவில் மூடிய கையை வைத்து, "உன் வண்டு இந்தக் கையைவிடப் பெரியது" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் போதும், தாளின் மூலையில் கடுகளவு வண்டு போடுகிற குழந்தைகூட நடுவுக்கு வந்துவிடும். ஏ4 தாளைவிட ஏ3 நல்லது. நான்கு மூலையிலும் டேப் ஒட்டி மேசையில் பிடித்து வையுங்கள், வழுக்குகிற தாளோடு போராடுகிற குழந்தைக்கு வண்டில் கவனம் எப்படி இருக்கும்?

பலகையில் வரைந்தே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், வேறுவேறு மாதிரியாக மூன்று வண்டுகள் வரையுங்கள்: ஒன்று குண்டு, ஒன்று நீளம், ஒன்றுக்குப் புள்ளியே இல்லை. அவர்கள் கிரேயானைத் தொடும்முன் மூன்றையும் அழித்துவிடுங்கள். எதைப் பார்த்து நகல் எடுப்பது என்ற குழப்பத்தில் தலையைத் தூக்கி உண்மையான வண்டைப் பார்ப்பார்கள். ஆம், உண்மையான வண்டு அங்கே இருக்க வேண்டும். மூடியுள்ள கண்ணாடிப் பெட்டியில் உயிருள்ள ஒன்று, கிடைக்காவிட்டால் பெரிதாக அச்சிட்ட நிழற்படங்கள் நான்கைந்து. நிழற்படம் என்றால் நிழற்படம்தான், கண்சிமிட்டிச் சிரிக்கும் கேலிச்சித்திர வண்டு வேண்டாம். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, வேறு யாரோ ஒருவர் பார்த்து முடித்துவிட்டார்.

கிரேயானைக் கொடுப்பதற்கு முன்பு கேள்விகள். "தலை பெரியதா, உடம்பு பெரியதா?" "முதுகுக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?" "கால் எங்கிருந்து வெளியே வருகிறது?" பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். விரல் போன வழியில்தான் பிறகு கிரேயானும் போகும்.

இனிப் பதினொரு கால். அந்தத் தாளைத் தொடாதீர்கள். கோடு இழுக்கும் சுகத்தில் கை நிற்காமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வயதில் எண்ணுவதும் வரைவதும் இரண்டு தனி வேலைகள், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது. வரைந்து முடித்த பிறகு, "நிழற்பட வண்டுக்கு எத்தனை, உன்னுடையதற்கு எத்தனை, எண்ணலாமா?" என்று கேட்கலாம். எண்ணிவிட்டு அவளே சிரிப்பாள், அல்லது "என்னுடையது வேகமாக ஓடும்" என்பாள். இரண்டாவது பதிலுக்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை. "தப்பு" என்று கத்திய சிறுமிக்கு ஒரு வேலை கொடுங்கள்: எல்லா நிழற்படங்களிலும் கால் எண்ணுகிற பொறுப்பு. அப்படிப்பட்டவர்கள் சும்மா இருந்தால்தான் ஆபத்து.

அழுகிறவனுக்கு வரைந்து கொடுக்காதீர்கள். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரி. அவன் தாளில் உங்கள் கோடு ஒன்று விழுந்தாலும், அதற்குப் பக்கத்தில் தன் கோடு அசிங்கமாக இருப்பதை அவன் உடனே பார்த்துவிடுவான். அடுத்த முறை கிரேயானைத் தொடவே மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் சொந்தத் தாளில் நீங்கள் வரையுங்கள், அவனைப் பார்க்காமல். அதுவும் உதவவில்லையா? கழுவினால் போகிற மையில் அவன் கட்டைவிரலைத் தோய்த்துத் தாளில் ஒற்றச் சொல்லுங்கள். உடம்பு வந்துவிட்டது! யாராலும் "சரியில்லை" என்று சொல்ல முடியாத உடம்பு, அவனுடையதேதான். மை காய்ந்ததும் மெல்லிய ஸ்கெட்ச் பேனாவால் கால் போடச் சொல்லுங்கள். "வராது" என்று அழுதவர்கள் தாள் முழுக்க வண்டுக் கூட்டத்தையே இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று, சின்ன விஷயம்தான், ஆனால் பல நல்ல படங்களை இது கெடுத்துவிடுகிறது. கறுப்பு கிரேயானை முதலில் கொடுக்காதீர்கள். கறுப்புப் புள்ளி வைத்துவிட்டு அதன்மேல் சிவப்புத் தேய்த்தால் கறுப்பு மெழுகு இழுபட்டு முதுகு முழுதும் அழுக்காகிவிடும். சிவப்போ மஞ்சளோ முதலில், கறுப்பு கடைசியில். பென்சிலும் ரப்பரும் மேசைக்கே வரக் கூடாது. ரப்பர் இருந்தால் வகுப்பு முழுக்க அழிக்கத்தான் செய்வார்கள்.


ஆறுகாலி:

வரையத் தெரியாது, ஆனால் பூச்சி பார்ப்பது என் பொழுதுபோக்கு. சில தகவல்கள் உதவக்கூடும்.

பூச்சி என்றால் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி. ஆறு கால்களும் மார்பில்தான் இருக்கும், இறக்கை இருந்தால் அதுவும் மார்பில்தான். வயிற்றிலிருந்து கால் முளைக்காது. ஆனால் பொறிவண்டில் இந்த விதியைப் பார்ப்பது கடினம். முதுகில் சிவப்பாகத் தெரியும் ஓடு உண்மையில் கடினமான முன் இறக்கைகள் இரண்டு. நடுக்கோடு அவை சந்திக்கும் இடம். மார்பின் பின்பாதியும் வயிறும் அந்த ஓட்டுக்கு அடியில் மறைந்திருப்பதால், நடுக்கால்களும் பின்கால்களும் ஓட்டின் ஓரத்திலிருந்தே வருவதுபோல் மேலிருந்து தெரியும். ஆகவே வட்டத்தைச் சுற்றிக் கால் போடுகிற குழந்தை கண்ணுக்குத் தெரிவதைத்தான் போடுகிறது. திருத்த வேண்டியதில்லை. பறக்கும்போது அந்த ஓடு இரண்டாகத் திறக்கும், அடியில் மடித்து வைத்திருந்த மெல்லிய பின் இறக்கைகள் விரியும். ஓட்டைவிட அவை நீளமானவை. ஆறு வயதுக்காரிக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், பறக்கும் வண்டு வரைய அவளுக்குத் தனித் தாள் வேண்டியிருக்கும்.

தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு பட்டை இருக்கும், அதன் இருபுறமும் வெள்ளைத் திட்டுகள். அவற்றைக் கண்கள் என்று நினைத்துப் பெரியவர்களே வரைகிறார்கள். அவை கண் இல்லை, அந்தப் பட்டையும் தலை இல்லை, மார்பின் முன்பகுதி. உண்மையான தலை அதற்கும் முன்னால் சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கும், கண்கள் அதன் பக்கங்களில்.

புள்ளிகளைப் பொறுத்தவரை, ஏழு புள்ளி வண்டில் ஓட்டுக்கு மூன்றாக ஆறு, மார்பை ஒட்டி நடுக்கோட்டின்மேல் இரண்டு ஓட்டுக்கும் பொதுவாக ஒன்று. இரண்டு புள்ளி, இருபதுக்கும் மேற்பட்ட புள்ளி, புள்ளியே இல்லாதவை என்று பல இனங்கள் உண்டு. புள்ளியை எண்ணி வயதைச் சொல்லலாம் என்று குழந்தைகள் யாராவது கேள்விப்பட்டு வந்திருப்பார்கள், அது உண்மையில்லை. புள்ளிகளின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறும், வயது ஏற ஏற அதிகமாகாது.

உயிருள்ள வண்டைக் கையில் கொடுக்காமல் பெட்டியிலேயே வைப்பது நல்லது. பயந்தால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் நிறத்தில் கசப்பான திரவத்தைக் கசியவிடும், நாற்றமும் இருக்கும். வகுப்பு முடிந்ததும் பிடித்த செடியிலேயே விட்டுவிடுங்கள், செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்று பிழைத்துக்கொள்ளும்.

அசைகிற பூச்சியை எப்படி வரைவது என்று குழந்தைகள் முறையிட்டால் அவர்களுக்கு நல்ல துணை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் நுண்ணோக்கியில் பார்த்து எறும்பை வரைய முயன்ற ராபர்ட் ஹூக்கும் இதே தொல்லையைப் பட்டார். எறும்பு ஓரிடத்தில் நிற்கவே இல்லை. கடைசியில் அதற்குப் பிராந்தி கொடுத்து மயக்கிப் படுக்கவைத்துவிட்டுத்தான் வரைந்தார். படம் 1665இல் வெளியானது. (வகுப்பில் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பொறுப்பு.)


வாரக்கடைசி வகுப்பு:

எல்லோருக்கும் நன்றி. நேர்கோடு, உங்கள் யோசனையை எடுத்துக்கொள்ளவில்லை, கோபிக்க வேண்டாம்.

மேலிருந்து பார்த்த வண்டையே வைத்துக்கொண்டோம். எந்த இரண்டு தாளும் ஒன்றுபோல் இல்லை. மூத்தவள் திறந்த ஓடும் அடியில் இறக்கையும் வரைந்தாள். பதினொரு கால்காரி இந்த முறை எட்டில் நிறுத்தினாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. கால் எண்ணும் பொறுப்பை ஏற்ற சிறுமி தன் படத்தை முடிக்கவே மறந்துவிட்டாள். இளையவன் கட்டைவிரல் ஒற்றியதும் அழுகையை நிறுத்திவிட்டான், பிறகு சட்டையிலும் ஒற்றிக்கொண்டான்.

புதிய சிக்கல்: அழைத்துப்போக வந்த ஒரு தந்தை, மகனின் படத்தைப் பார்த்து, "என்ன இது, பொத்தானா?" என்று அவன் முன்னாலேயே கேட்டார். போன முறை பார்த்தால் தெரிகிற மாதிரி வண்டு வரைந்தானே, இப்போது ஏன் இப்படி என்று என்னிடமும் கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது? அடுத்து வண்ணத்துப்பூச்சி எடுக்கலாம் என்றிருக்கிறேன், சரியா?


மெழுகுக்கறை:

அந்தத் தந்தையிடம் நீங்கள் வாதாட வேண்டாம், பையனைப் பேசவிடுங்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வகுப்பு முடியும்முன் ஒவ்வொரு குழந்தையிடமும் போய், "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேட்டு, சொல்வதை அதே சொற்களில் தாளின் பின்புறம் தேதியோடு எழுதிவிடுங்கள். "இது என்ன?" என்று கேட்காதீர்கள், அந்தத் தந்தை கேட்டதும் அதுதானே. தாளைத் தரும்போது பின்பக்கத்தைக் காட்டிக் கொடுங்கள். பொத்தான் என்று நினைத்தவர், "இங்கே தலை, இங்கேதான் ஓடு திறக்கும், இது செடிக்குப் போகிறது" என்று படித்த பிறகு கேள்வியை மாற்றிக்கொள்வார். மாற்றாதவர்களும் உண்டு. போன முறை வந்தது உங்கள் வண்டு, இது அவன் வண்டு என்று அவர்களிடம் நேராகவே சொல்லிவிடலாம்.

அடுத்தது வண்ணத்துப்பூச்சி வேண்டாம். அதன் அச்சு வடிவம் எல்லாக் குழந்தைகளின் தலையிலும் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது: நடுவில் ஒரு குச்சி, இருபக்கமும் இரண்டிரண்டு இதழ், முனை சுருண்ட மீசை. உண்மையான பூச்சியைக் காட்டினாலும் கை அந்த அச்சையேதான் போடும். எறும்பை எடுங்கள். அதற்கென்று ஒரு அச்சு இன்னும் யாருக்கும் பழகவில்லை. கட்டைவிரலால் மூன்று முறை ஒற்றினால் உடம்பு முடிந்தது, நடு உருண்டையில்தான் ஆறு காலும். வண்டில் மறைந்திருந்தது எறும்பில் வெட்டவெளிச்சமாகத் தெரியும். உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும், ஐந்து வயதுக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எறும்புக்குப் பிறகு தும்பி. நீளமான கோடு இழுக்கப் பிடிக்கிறவர்களுக்கு அது கொண்டாட்டம். வண்ணத்துப்பூச்சி கடைசியில் வரட்டும்.


ஆறுகாலி:

வண்ணத்துப்பூச்சிக்கு வரும்போது ஒரு எச்சரிக்கை. நாலே கால் போட்ட குழந்தையை அவசரப்பட்டு எண்ணச் சொல்லாதீர்கள். ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்த வண்ணத்துப்பூச்சிகளில் முன்கால்கள் இரண்டும் மிகவும் சிறுத்து மார்போடு ஒட்டியிருக்கும். நிற்பதும் நடப்பதும் நான்கு கால்களில்தான். அந்தக் குழந்தை சரியாகப் பார்த்தே வரைந்திருக்கலாம். கால் எண்ணும் சிறுமியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.


நேர்கோடு:

கோபம் இல்லை. ஆனால் என் வீட்டுப் பையன் இன்று மூன்று கட்டைவிரல் எறும்புகளைச் சுவரில் ஒற்றியிருக்கிறான். கழுவினால் போகிற மை சுவரிலும் போகுமா?


மெழுகுக்கறை:

காயும்முன் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் போகும், தேய்த்தால் பரவும். காய்ந்துவிட்டால் சுவரின் வண்ணத்தைப் பொறுத்தது. முதலில் ஒரு எறும்பின்மேல் சோதித்துப் பாருங்கள்.